பதினான்காம் எண் வாடை

அன்று அதிகாலை நாலு நாற்பதுக்கு நான் முதலில் எழுதியது "பகல் பன்னிரண்டுக்கும் இரவு ஏழுக்கும் நடுவில் எப்போது வேண்டுமானாலும்" என்றுதான். எழுதி, படித்துப் பார்த்து, அழித்தேன். "மாலை ஆறு மணிக்கு மேல்" என்று மாற்றி ஊர் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினேன். மாற்றியது என் கை. ஆனால் அந்தக் கையைப் பிடித்து எழுதவைத்தது இந்த ஊர். இரண்டையும் சொல்லப்போகிறேன்.

எனக்கு சான் கிரெசென்சியோ மீனவர் சங்கத்தின் வயர்லெஸ் அறையில் வேலை. எந்தப் படகு எப்போது போனது, எப்போது வந்தது என்று நோட்டில் குறிக்க வேண்டும். அந்த நோட்டை நிரப்ப ஆறாம் வகுப்பு போதும். நான் ஹலாப்பா பல்கலைக்கழகத்துக்குப் போய் நாலரை வருஷம் வளிமண்டலம் படித்தவள். எங்கள் வீட்டில் என்னைத் தவிர யாரும் ஆறாவது தாண்டியதில்லை. அண்ணன் வில்பெர் பதின்மூன்று வயதில் படகில் ஏறினான், நான் பஸ் ஏறினேன். படித்து முடித்துத் திரும்பி வந்தால் இந்த மர நாற்காலிதான் காத்திருந்தது. சும்மா உட்கார முடியாமல் தினமும் காற்று எப்படி இருக்கும் என்று எழுதி அனுப்ப ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை. அதுதான் என் முதல் தப்பு என்று சங்கத் தலைவர் எவெலியோ சொல்வார்.

செப்டம்பர் முடிந்தால் வடக்கிலிருந்து குளிர்க்காற்று வரிசையாக இறங்கும். அதைத்தான் வாடை என்கிறோம். ஒவ்வொன்றுக்கும் அரசாங்கம் எண் கொடுக்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று மே மாதத்துக்குள் ஐம்பதைத் தொட்டுவிடும். எங்கள் ஊரில் பிள்ளை பிறந்த தேதியைக்கூட "எட்டாம் எண்ணுக்கு மறுநாள்" என்பார்கள். குளிர்க்காற்று கனமானது. தரையோடு தரையாக வந்து, எங்கள் வளைகுடாவின் மேல் படுத்திருக்கும் சூடான ஈரக்காற்றுக்கு அடியில் ஆப்பு மாதிரி நுழையும். சூடான காற்றுக்கு மேலே போவதைத் தவிர வழியில்லை. மேலே போனால் மேகம், மழை. இரண்டும் முட்டிக்கொள்ளும் அந்தக் கோட்டுக்குத்தான் முகப்பு என்று பெயர். கோடு நம் தலையைத் தாண்டும் நிமிஷத்தில் காற்று தெற்கிலிருந்து வடக்குக்குத் திரும்பும். திரும்பும் என்றால் மெதுவாக இல்லை. கதவை ஓங்கிச் சாத்துவதுபோல.

ஆனால் சில சமயம் இரண்டு காற்றும் ஒரே பலத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும். இவனும் நகரமாட்டான், அவனும் நகரமாட்டான். கோடு கடலுக்கு நடுவிலேயே கிடந்து கரைந்துபோகும். பதினொன்றாம் எண் அப்படித்தான் கரைந்தது. பன்னிரண்டாம் எண்ணும் அப்படித்தான். இரண்டுக்கும் "போகாதீர்கள்" என்று நான் எழுதியிருந்தேன். எங்கள் ஊர் பிழைப்பதே எட்டுக்கால் பேய்க்கணவாயால்தான், அதன் காலம் டிசம்பர் பதினைந்தோடு முடிகிறது, அதில் நாலு நாள் மொத்த ஊரும் கரையில் உட்கார்ந்து வெயில் காய்ந்தது. அதற்குப் பிறகு மண்டை பிளக்கும் வெயில் அடித்தாலே கடைத்தெருவில் ஒருவன் இன்னொருவனிடம், "இன்னிக்கி நல்ல நிதெல்வியா வாடை அடிக்குதுல்ல?" என்று கேட்பான். நிதெல்வியா நான்தான். ரொட்டிக் கடைக்காரி சில்லறை கொடுக்கும்போது, "ஜாக்கிரதைம்மா, குளிர்ல விறைச்சுடப் போற" என்றாள். அவள் கழுத்தில் வேர்வை வழிந்துகொண்டிருந்தது.

அதனால்தான் ஆறு மணி. பதினான்காம் எண் எப்போது வரும் என்பதில் கணினி போட்டுத் தரும் வானிலைப் படங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஒன்று நண்பகல் என்றது. மற்றவை மாலை என்றன. "பன்னிரண்டிலிருந்து ஏழுவரை" என்று அனுப்பினால், அது என்ன பதில், எங்கள் நாயைக் கேட்டாலும் இதைச் சொல்லுமே என்று சிரிப்பார்கள். ஒரே ஒரு மணியைச் சொல்லிவிட்டால் படித்தவள் மாதிரி இருக்கும். சொன்னேன்.

ஐந்தரைக்குப் படகுத்துறையில் அப்பா, வில்பெர், மசெதோனியோ மாமா மூவரும் படகில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மசெதோனியோ மாமா எங்களுக்குச் சொந்தமில்லை. ஒன்பது வருஷமாக அப்பாவோடு கூலிக்கு வருகிறவர், மூன்று பெண்களைப் பெற்றவர்.

"என்ன மேடம், ஆறு மணிக்கு மேலதானா? நிச்சயமா?" என்றான் வில்பெர். "இல்ல, சட்டை போடணுமா வேணாமான்னு முடிவு பண்ணணும்."

"ஸ்வெட்டர் எடுத்துட்டுப் போண்ணா."

"உன் பன்னண்டாம் நம்பருக்கு ஸ்வெட்டரைத் தொவச்சு வச்சுக்கிட்டு ரெண்டு நாள் காத்திருந்தேன். முதுகுத் தோலு உரிஞ்சதுதான் மிச்சம்."

"விடு மாப்ள," என்றார் மசெதோனியோ மாமா. "புள்ள படிச்சது மேகத்தப் பத்தி. மேகம் அந்தப் புள்ளயப் பத்திப் படிக்கலையே, அது என்ன பண்ணும்?"

அப்பா சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. "ஆறுன்னா நாலரைக்குக் கரையில இருப்போம்" என்றார். நான் சொன்னதை ஒரு மனிதர் அப்படியே நம்பி அதன்மேல் திட்டம் போட்டது அந்த மாதத்தில் அதுதான் முதல் முறை. எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

எங்கள் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பேய்க்கணவாய்க்குத் தூண்டில் முள் கிடையாது. மோட்டார் படகு இரண்டு சின்னத் தோணிகளைச் சுமந்துகொண்டு இருபது மைலுக்கு மேல் போகும். கடலில் ஒவ்வொரு தோணியையும் இறக்கி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆளை விட்டுவிடும். தோணியின் முன்னும் பின்னும் நீளமான மூங்கில் கழி நீட்டிக்கொண்டிருக்கும். கழியிலிருந்து கயிறுகள், கயிற்று நுனியில் கட்டிய நண்டு. காற்று தோணியைத் தள்ளத் தள்ள நண்டு கடல் தரையில் நடக்கும். கணவாய் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மேலே வரும். தோணிக்கு மோட்டார் இல்லை, வயர்லெஸ் இல்லை. காற்று போகச் சொல்லும் இடத்துக்குப் போவதுதான் வேலையே. காற்றில்லாத நாளில் கணவாய் இல்லை. வாடைக்கு முந்தைய தென்காற்று நாள்தான் வருஷத்திலேயே நல்ல நாள். ஒரே சீரான காற்று, கண்ணாடி மாதிரி வானம். கரையை விட்டு வடக்கே, இன்னும் வடக்கே, கோடு வரும் திசைக்கே ஆளைத் தள்ளிக்கொண்டு போகும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. படகோட்டியின் சொந்த ரத்தம் எதுவோ அதுதான் முதலில் இறங்கும், கடைசியில் ஏறும். கூலி ஆளைக் கடலில் விட்டுவிட்டுத் தன் பிள்ளையை முதலில் தூக்கினான் என்று ஒருவனுக்குப் பேர் வந்தால், அடுத்த வருஷம் அவன் படகில் ஏற ஆள் கிடைக்காது. இந்தக் கரை முழுக்க இதுதான் சட்டம். எங்கும் எழுதியிருக்காது. அதனால்தான் வில்பெருடைய தோணியை எப்போதும் மேலே அடுக்குவார்கள். முதலில் இறங்கப்போவது அதுதானே.

ஒன்பது நாற்பதுக்கு வயர்லெஸ் அறையில் போனைத் திறந்தேன். வளைகுடாவின் நடுவில் ஒரு மிதவை இருக்கிறது. மணிக்கொரு முறை காற்றையும் அழுத்தத்தையும் அனுப்பும். எட்டு மணிக்குத் தென்காற்று என்று இருந்தது. ஒன்பது மணிக்கு வடக்கு. வேகம் மூன்று மடங்கு. அழுத்தம் ஏறியிருந்தது, வெப்பம் ஏழு டிகிரி இறங்கியிருந்தது. கோடு மிதவையைத் தாண்டிவிட்டது. நான் காலையில் போட்ட கணக்குப்படி அது பன்னிரண்டு மணிக்கு மேல்தான் அங்கே வந்திருக்க வேண்டும்.

பென்சிலை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மிதவையிலிருந்து இருநூற்றைம்பது கிலோமீட்டர். மணிக்கு ஐம்பத்தைந்து. பகல் ஒன்றரை.

தலைவர் எவெலியோ மேஜையில் உட்கார்ந்து சோள ரொட்டியில் முட்டையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"தலைவரே, எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும். ஒன்றரைக்கு வந்துடும்."

"எது?"

"பதினாலு."

"காலையில ஆறுன்னியே."

"தப்பு. வேகமா வருது. மிதவையப் பாருங்க."

அவர் போனைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே நீலம். தென்காற்று துறையின் தண்ணீரையெல்லாம் வெளியே தள்ளியிருந்தது, கரையோரம் சேறு தெரிந்தது. "ஏம்மா, ரெண்டு தடவ ஊரக் கட்டிப்போட்டோம். மூணாவது தடவையும் சங்கத்துப் பேர்ல கூப்ட்டு ஒண்ணும் வரலேன்னா என்ன உப்புல ஊறப்போட்டுடுவானுங்க. நீ வேணும்னா உன் பேர்ல சொல்லிக்க."

என் பேரில் சொன்னேன். பொது அலைவரிசை, பதினெட்டுப் படகுக்கும் கேட்கும். "எல்லாப் படகுக்கும், எல்லாப் படகுக்கும். வாடை ஒன்றரை மணிக்கு. இப்பவே தோணிகளைத் தூக்குங்க."

ஒரு நிமிஷம் இரைச்சல். பிறகு யாரோ, "யாரு, நம்ம நிதெல்வியா வாடையா?" என்றான். இன்னொருவன், "இரு, கறுப்புக் கண்ணாடி மாட்டிட்டு வரேன், வெயில் கண்ணக் கூசுது" என்றான். சிரிப்பு. நாலு படகு மட்டும், வயதானவர்களின் படகுகள், சரி என்றன.

அப்பாவைத் தனியாக அழைத்தேன். எங்கள் படகின் பெயர் சாந்தா ரீத்தா.

"சாந்தா ரீத்தா, அப்பா, கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. எல்லாருந்தான் கேக்குறாங்க."

"ஒன்றரைக்கு வருதுப்பா. தூக்குங்க."

"காலையில ஆறு. இப்ப ஒன்றரை. சாப்பாட்டு நேரத்துக்கு என்ன சொல்லுவ?"

"அப்பா, மிதவையில காத்துத் திரும்பிடுச்சு. இது கணக்கு இல்ல, நடந்தது."

"இப்பதாம்மா ஏற ஆரம்பிச்சிருக்கு. வில்பெர் பொட்டில பாதி நெறஞ்சுடுச்சு, கையக் காட்டுனான். பன்னண்டு வரைக்கும் பாக்குறேன்."

பதினெட்டுப் படகும் கேட்டுக்கொண்டிருக்கும்போது, ஊர் சிரித்த பெண்ணின் பேச்சைக் கேட்டு முதலில் கயிற்றைச் சுருட்டுகிறவராக அவர் இருக்க விரும்பவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்தது என்பதற்காகக் கோபம் குறையவில்லை. அவர் காலையில் என்னை நம்பினார். தப்பான மணியை நம்பினார். சரியான மணியைச் சொன்னபோது அந்தத் தப்பான மணியை எடுத்து என் முகத்திலேயே எறிந்தார். அதைத் தடுக்க என் பட்டத்தில் ஒன்றுமில்லை.

அடுத்த ஒன்றேமுக்கால் மணி நேரம் நான் செய்ததெல்லாம் கத்தியதுதான். ஒவ்வொரு கால்மணிக்கும் கத்தினேன். பத்தேமுக்காலுக்கு எவெலியோ, "லைனை அடைக்காதம்மா, மத்தவங்க பேசணும்" என்றார். பிறகு அவரே எழுந்து வாசலுக்குப் போய் வடக்கே பார்த்துவிட்டு வந்து, பாதி தின்ற ரொட்டியைத் தாளில் சுருட்டி வைத்தார்.

பதினொன்று நாற்பதுக்குத் தென்காற்று நின்றது. குறையவில்லை, நின்றது. துறைக் கொடி துணி மாதிரித் தொங்கியது. அறைக்குள் மூச்சு முட்டியது. வயர்லெஸ்ஸில் ஒரே நேரத்தில் ஆறேழு குரல்கள். யாரும் இப்போது கண்ணாடியைப் பற்றிப் பேசவில்லை.

"நிதெ." அப்பாவின் குரல். "காத்து செத்துப்போச்சு. தூக்கப்போறேன்."

மசெதோனியோ மாமாவின் மனைவி தெல்மி அத்தை அப்போதுதான் அறைக்குள் வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. காற்று நின்றதும் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு வந்திருக்கிறாள். என் நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

"அப்பா, ரெண்டு பேரும் எங்க இருக்காங்க?"

"மசெதோனியோ கிழக்க, ஒன்றரை மைலு. உங்கண்ணன் மேற்க, ரெண்டரை. காத்து அவனக் கொஞ்சம் அதிகமாவே இழுத்துட்டுப் போயிருக்கு."

"மேற்குலதான் மொதல்ல அடிக்கும்பா! கோடு வடமேற்குலருந்து வருது. அண்ணன மொதல்ல எடு!"

வயர்லெஸ்ஸில் எல்லாக் குரலும் அடங்கியது. பொது அலைவரிசை. அது எனக்குத் தெரியும். தெல்மி அத்தை பின்னால் நிற்பதும் தெரியும். அவளுடைய மூச்சு என் பிடரியில் பட்டது.

"அண்ணன மொதல்ல எடுப்பா," என்று திரும்பவும் சொன்னேன்.

அப்பா பொத்தானை விட்டுவிட்டார். ஏழெட்டு நிமிஷம் எதுவும் வரவில்லை. அறையில் மூன்று பேர் இருந்தோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் கேட்டது சரியா தப்பா என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். வானிலைப்படி சரி. மேற்கில் இருப்பவனுக்குத்தான் நேரம் குறைவு. ஆனால் நான் வானிலைப்படி கேட்கவில்லை. வில்பெர் கிழக்கிலும் மசெதோனியோ மாமா மேற்கிலும் இருந்திருந்தாலும் வில்பெரைத்தான் கேட்டிருப்பேன். தெல்மி அத்தைக்கும் அது தெரியும்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்கு அப்பா, "மசெதோனியோவப் புடிச்சிட்டேன்" என்றார்.

தெல்மி அத்தை சுவரில் சாய்ந்து கீழே உட்கார்ந்தாள்.

"தோணிய விட்டுட்டு வாங்க! தோணியத் தூக்காதீங்க!"

"விட்டா அவன் நாளைக்கு எதுல போவான்? தூக்கிட்டோம், தூக்கிட்டோம். பத்து நிமிசம்."

பத்து இல்லை, இருபத்தைந்து. பன்னிரண்டு இருபதுக்குப் படகு மேற்கே திரும்பியது. அப்பா அதன்பின் பொத்தானை விடவே இல்லை. மோட்டார் இரைச்சல், அதற்கு மேல் மசெதோனியோ மாமாவின் குரல், "அங்க பாருங்க அங்க பாருங்க."

"நிதெ, வடமேற்க கறுப்பா ஒரு கயிறு கட்டுன மாதிரி இருக்கு. தண்ணிமேலயே."

"எவ்வளவு தூரம்?"

"அடேயப்பா," என்றார் அப்பா. பதில் அதுதான்.

ஒன்றரைக்கு என்று சொல்லியிருந்தேன். மணி பன்னிரண்டு முப்பத்தைந்து. இரண்டாவது கணக்கும் தப்பு. முகப்புக்கு முன்னால் சில சமயம் புயல்வரிசை ஒன்று தனியாக ஓடிவரும். அதைப் பற்றிப் பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன்.

"தெரியுது!" என்று கத்தினார் அப்பா. "கழி தெரியுது. ரெண்டு கழியும் தெரியுது. நிக்கிறாம்மா. கையக் காட்டுறான். இன்னும் ஒரு ஐந்நூறு மீட்டரு…"

நான் எழுந்து நின்றுவிட்டேன். எவெலியோவும் எழுந்தார்.

பிறகு ஒரு சத்தம். தகரத்தில் சரளைக்கல்லைக் கொட்டுவதுபோல. அப்பா ஏதோ சொன்னார், கேட்கவில்லை. திரும்ப அவர் குரல் வந்தபோது அது வேறு யாருடையதோ மாதிரி இருந்தது.

"தெரியல. ஒண்ணும் தெரியல. எல்லாம் வெள்ளையா இருக்கு."

"நேரா போப்பா, அதே திசையில!"

"எது நேரு? எது நேருன்னு சொல்லு! முன்பக்கமே தெரியலடி!"

காற்று எவ்வளவு, அலை எவ்வளவு உயரும், வெப்பம் எத்தனை இறங்கும் என்று கேட்டால் எல்லாம் சொல்வேன். ஐந்நூறு மீட்டர் தள்ளி நிற்கும் என் அண்ணனிடம் போக நேர்வழி எது என்று கேட்டால் தெரியாது.

ஒரு மணி நேரம் சுற்றினார். நடுவில் மசெதோனியோ மாமா அழுவது கேட்டது, தண்ணீரை வாரி இறைக்கும் சத்தம் கேட்டது. "என்ன ஏன் மொதல்ல எடுத்தீங்க, ஏன் எடுத்தீங்க" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். தெல்மி அத்தை இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள். ஒன்று நாற்பதுக்கு அப்பா, "எண்ண தீந்துடும். இவனுக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு" என்றார். எனக்குச் சொல்லவில்லை. யாருக்கும் சொல்லவில்லை. படகைத் திருப்பினார்.

எங்களுக்கு இங்கே ஒன்று பத்துக்கு அடித்தது. கதவு பிய்த்துக்கொண்டு திறந்தது. பத்து நிமிஷத்தில் வேர்வை எல்லாம் குளிராக மாறியது. துறையை விட்டுப் போயிருந்த தண்ணீர் திரும்ப வந்து, மேலும் ஏறி, சாலைக்கு வந்தது. மற்றப் பதினேழு படகும் நாலு மணிக்குள் ஏதோ ஒரு விதமாகக் கரை சேர்ந்தன. சாந்தா ரீத்தா கடைசியாக ஐந்தரைக்கு வந்தது. அப்பா இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்றும் நினைத்தேன்.

"எப்ப நிக்கும்?" என்றார்.

அன்று மாலை முதல் ஊர் முழுக்க அதே கேள்வி. எப்போது நிற்கும், எப்போது போகலாம். ரொட்டிக் கடைக்காரி வந்தாள், கறுப்புக் கண்ணாடி மாட்டிட்டு வரேன் என்றவன் வந்தான். என் வாயைப் பார்த்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். நான் சொன்னேன்: வியாழக்கிழமை மதியம் வரை ஒரு படகும் போக முடியாது. ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று செவ்வாய்க்கிழமை. "வியாழன்னா ரெண்டு நாளாச்சேம்மா" என்றார் எவெலியோ, நான் கொஞ்சம் குறைத்துக்கொள்வேன் என்பதுபோல. கடற்படைக் கப்பலும் அலை அடங்காமல் வர முடியாது என்றது.

அம்மா மெரிதா நகரத்தில் ஒரு வீட்டில் தங்கி வேலை பார்க்கிறாள். போனில் அவள் பெயர் வந்து வந்து அணைந்தது. பதினோரு முறை. எடுக்கவில்லை.

படகு போகாது, ஆனால் காற்று தோணியைத் தள்ளும். இப்போது வடகாற்று. வடகாற்று கரைக்குத் தள்ளும். எனக்குச் செய்ய இருந்தது இது ஒன்றுதான். வில்பெரைக் கடைசியாகப் பார்த்த இடம், காற்றின் வேகம், மணிக்கொரு முறை அது எப்படித் திரும்பியது, தண்ணீர் நிறைந்த தோணி என்றால் எவ்வளவு நகரும், காலியான தோணி என்றால் எவ்வளவு. சங்கத்துச் சுவரில் இருந்த கடல் வரைபடத்தைக் கழற்றித் தரையில் விரித்து இரண்டு நாள் மணிக்கு ஒரு புள்ளி வைத்தேன். அப்பா பக்கத்தில் குந்தியிருந்தார். தூங்கவில்லை. புள்ளி வைக்கும்போதெல்லாம் பென்சில் முனையையே பார்த்தார்.

"இதுல அவன் இருக்கானா?" என்று ஒரு முறை கேட்டார்.

"தோணி இருக்குப்பா."

புதன் இரவு புள்ளிகள் கரையைத் தொட்டன. பழைய உப்பளத்துக்கு மேற்கே, கழிமுகத்துக்கு இந்தப் பக்கம். அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். வியாழன் விடியலில் அப்பா, மசெதோனியோ மாமா, எவெலியோ, நான், எவெலியோவின் லாரியில் ஏறி மணல் பாதையில் போனோம். காற்று இன்னும் கண்ணில் மணலை அடித்தது.

தோணி அங்கே இருந்தது. வட்டத்துக்கு உள்ளேயே. நிமிர்ந்து, பாதி மணலில் புதைந்து. ஒரு கழி ஒடிந்திருந்தது, ஒன்று அப்படியே இருந்தது. தண்ணீர்க் குடுவை, நண்டுக் கூடை, கணவாய்ப் பெட்டி எல்லாவற்றையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தான். கூடைக்குள் இரண்டு நண்டு உயிரோடு இருந்தன. அவனுடைய ஸ்வெட்டர் இருக்கைக்கு அடியில் சுருட்டி வைத்தபடி நனைந்து கிடந்தது. போட்டுக்கொள்ள நேரமிருக்கவில்லை.

எவெலியோ நாலு பக்கமும் பார்த்தார். "சொன்ன எடத்துலயே வந்து ஏறியிருக்கு" என்றார் மெதுவாக. "ஒரு கிலோமீட்டர்கூடத் தப்பல, பாத்தியா. அம்மாடி." அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். அந்த மனிதரின் கழுத்தை நெரிக்க வேண்டும்போல இருந்தது. மசெதோனியோ மாமா தோணியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், உள்ளே பார்க்கவில்லை.

அப்பா தோணியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முடிச்சுகளைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தோணிய காத்துத் தள்ளுச்சு. சரி. ஆளு?"

"அப்பா…"

"ஆளும் காத்துக்குத்தான் போவானா?"

இல்லை. தோணிக்குக் காற்றைப் பிடிக்க உடம்பு மேலே இருக்கிறது. தண்ணீருக்குள் இருப்பது காற்றைக் கேட்காது, நீரோட்டத்தைக் கேட்கும். இங்கே நீரோட்டம் மேற்கே போகிறது, வாடைக்குப் பிறகு இன்னும் வேகமாக. அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது, அது எனக்குத் தெரியும். தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருப்பார், இல்லை நம்பாமல் போயிருப்பார், எப்படியும் இந்தக் கரையில் எங்காவது நின்றிருப்பார்.

"மேற்கப்பா. கலங்கரை விளக்கத்துக்கும் அந்தப் பக்கம். இருபது, இருபத்தஞ்சு கிலோமீட்டர்."

"எப்ப?"

"சனிக்கிழம."

"எத்தன மணிக்கு?"

அவர் குரலில் கேலி இல்லை, கோபம் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்க்க மணிக்கட்டைத் திருப்பினார், அங்கே கடிகாரம் இல்லை, கடலில் போயிருந்தது.

"ஒரு மணின்னு சொல்ல முடியாதுப்பா. காலையிலருந்து ராத்திரி வரைக்கும், எப்ப வேணும்னாலும்."

"சரி," என்றார் அப்பா. "அப்ப நான் வெள்ளிக்கிழமயே போய் நின்னுக்கிறேன்."